கல்லுக்குக் கீழே நான்கு பலகைகள்

வீலர் ஓடைப் பள்ளத்தில் ஏப்ரல் மாதம் எந்த நாளில் ஏர் பூட்டுவது என்பதை டெல்ஃபியா ஸ்ட்ரவுட்டின் குதிகால்தான் முடிவு செய்யும். காலையில் காலணியைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, வெறுங்காலோடு வயலுக்குள் பத்தடி நடப்பாள். ஓரிடத்தில் நின்று குதிகாலை அழுத்தித் திருகுவாள். குழியில் ஈரம் மினுங்கினால் திரும்பி வந்துவிடுவாள். மினுங்காவிட்டால் வீட்டு வாசலில் இருக்கும் மணியை ஒரு முறை அடிப்பாள். பிறகு ஓடையின் இரு பக்கமும் டிராக்டர்கள் இரையத் தொடங்கும்.

அந்த மண் அப்படி. மேலே மாவு போலக் காய்ந்து கிடக்கும். ஒரு சாண் கீழே கூழாக இருக்கும். பதம் வருவதற்கு ஒரு நாள் முன்னால் இறங்கினால் கட்டி கட்டியாகப் புரண்டு செங்கல்லாக இறுகும், அடுத்த பனிக்காலம்வரை உடையாது. ஒரு நாள் தாமதித்தால் மழை வந்துவிடும். விதைத்த பின் மழை அடித்து வெயில் எரித்தால் மேலே பொருக்கு கட்டும். சோளக் குருத்து அதை முட்டி முட்டி, கீழேயே வளைந்து மஞ்சளாகிச் சாகும். இத்தனைக்கும் தப்பினால் அந்த மண்ணைப் போல விளையும் மண் இண்டியானா மாநிலத்தின் தென் மூலையில் வேறு இல்லை.

டெல்ஃபியா பள்ளத்தில் பிறந்தவள் அல்ல. எப்ரோன் குன்றின் மேல், மஞ்சள் மண்ணில் பிறந்தவள். 1916இல் ஹார்லன் ஸ்ட்ரவுட் பெண் கேட்டு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. "நம்ம மண்ணெல்லாம் மழைக்கு மழை அங்கதான் போகுது, நீயும் போ" என்று சொல்லி அவளுடைய அப்பா அனுப்பிவைத்தார்.

அது வெறும் பேச்சல்ல. குன்றுக் காடுகளை வெட்டி உழுததில் கரைந்த மண் முழுவதும் ஒவ்வொரு வெள்ளத்திலும் பள்ளத்தில் வந்து படிந்தது. வேலிக் கம்பங்கள் இடுப்பளவு புதைந்தால் யாரும் பிடுங்கி நட மாட்டார்கள். பழைய கம்பத்தின் தலையில் புதிய கம்பத்தை ஆணியடித்து உயர்த்திவிடுவார்கள். பத்து வருடத்தில் அதுவும் புதையும். "ஸ்ட்ரவுட் வீட்டு வேலி மூணு மாடிடீ, ரெண்டு மாடில எங்க தாத்தாதான் குடியிருக்காரு" என்பாள் ஹார்லனின் தங்கை ஜெல்லா. பள்ளத்துக்காரர்கள் எதையும் தோண்டி எடுப்பதில்லை, மேலே மேலே ஏற்றிக்கொண்டே போவார்கள். மணமாகி ஒரு வருடத்தில் டெல்ஃபியாவுக்கும் அது பழகிவிட்டது.

1917இல் ஐவா பிறந்தாள். 1919 ஜனவரியில், ஊரெல்லாம் விஷக் காய்ச்சல் பரவியபோது, இறந்தாள். ஒரு வயதும் எட்டு மாதமும். டெல்ஃபியாவும் அதே காய்ச்சலில் நினைவு தப்பித் தப்பிக் கிடந்தாள். ஓடை கரை தாண்டி நிறைந்திருந்தது. வீட்டுக்கும் எப்ரோன் குன்றின் மேலிருந்த தேவாலயக் கல்லறைக்கும் நடுவே ஒரு மைல் தண்ணீர். நினைவு திரும்பிய ஒரு நேரத்தில் அவள் ஹார்லனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டாள்.

"அவள என் கண்ணுக்குத் தெரியாத எடத்துக்குக் கொண்டுபோயிடாதீங்க."

மூன்று வாரம் கழித்து எழுந்து சுவரைப் பிடித்தபடி சமையலறைக்கு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே, ஓடைக்கரையில் அத்தி மரம்போல் வெளுத்து நிற்கும் சிக்கமோர் மரத்தடியில், ஒரு சாம்பல் கல் நின்றிருந்தது.

அன்று ஹார்லனிடம் கேட்டாள். "குழில தண்ணி இருந்துச்சா?"

"இல்ல டெல்ஃபி. காஞ்சிருந்துச்சு."

அவள் நம்பவில்லை. ஜனவரி மாதம் அந்தப் பள்ளத்தில் ஒரு மண்வெட்டி ஆழம் தோண்டினால் போதும், மண்வெட்டியை எடுப்பதற்குள் அடியிலிருந்து தண்ணீர் ஊறி வரும். அது அவளுக்குத் தெரியும். கன்றுக்குட்டி விற்கும்போதுகூட அதன் நொண்டலைத் தானே சொல்லிவிடுகிற மனிதர், தனக்காக ஒரு பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஓடை பெருகும் ஒவ்வொரு ஜனவரியிலும் கேட்டாள். ஒவ்வொரு ஜனவரியிலும் அவர் அதையே சொன்னார்.

அவளுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. வயலையும் பன்றிகளையும் பார்த்தாள். பாத்திரம் கழுவும்போது கல்லைப் பார்த்துப் பேசினாள்: பன்றி எத்தனை குட்டி போட்டது, எந்த வயலில் இன்னும் பதம் வரவில்லை, ஜெல்லா என்ன சொன்னாள். மே மாதக் கடைசியில் எல்லாக் குடும்பங்களும் கல்லறைகளைத் துடைத்து, காப்பி டப்பாக்களில் பியோனிப் பூ வைக்கும் நாளில், அவள் ஒரு டப்பாவை ஐவாவின் கல்லடியில் வைப்பாள். ஹார்லன் இரண்டு டப்பாக்களை எடுத்துக்கொண்டு குன்றின் மேல் தன் அம்மாவின் கல்லறைக்குப் போவார்.

"பெத்த பொண்ணுக்கு ஒரு டப்பா, ஆத்தாளுக்கு ரெண்டு டப்பா. நல்லாருக்கு நியாயம்" என்று நாற்பது வருடம் குத்திக்காட்டினாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்துவிடுவார்.

1961இல் ஹார்லன் இறந்தார். தன்னை எப்ரோனில் அம்மாவுக்குப் பக்கத்தில், ஆனால் நடுவில் மூன்றடி விட்டுப் புதைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். டெல்ஃபியா அதைப் படித்துவிட்டு, சாவு வீட்டிலேயே சிரித்துவிட்டாள். "அந்தக் கிழவிக்கும் இவருக்கும் நடுவுல என்னைப் படுக்கச் சொல்றாரு. அதுவும் மூணடில. ஒருக்களிச்சுத்தான் படுக்கணும்." ஜெல்லா சிரிக்கவில்லை. அண்ணன் போன துக்கம் என்று டெல்ஃபியா நினைத்துக்கொண்டாள்.

1968இல் அரசாங்கம் ஓடையின் கீழ்ப்பக்கம் அணை கட்டியது. பள்ளம் முழுவதும் ஏரியாகப் போகிறது என்றார்கள். வீடுகளுக்கு விலை கொடுத்தாயிற்று. கல்லறைகளைக் காட்டினால் தோண்டி மேட்டுக்கு மாற்றித் தருவதாக அறிவித்தார்கள். நவம்பரில் ஆட்கள் இயந்திரத்தோடு வருவார்கள். வீட்டைப் பற்றியோ வயலைப் பற்றியோ டெல்ஃபியா ஒரு வார்த்தை பேசவில்லை. ஐம்பது வருடமாகப் பாதி ஆண்டு தண்ணீரில் கிடந்த பிள்ளை, இனி எப்போதும் தண்ணீரில் கிடக்கக் கூடாது. அவளுக்கு அது ஒன்றுதான். இயந்திரத்தின் பல் அந்தச் சின்னப் பெட்டியை நொறுக்கிவிடுமோ என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை. பெட்டி எந்த ஆழத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அவர்களைக் கையால் தோண்டச் சொல்லலாம்.

அந்த அக்டோபரில், ஏரி மூடுமுன் பள்ளத்து மண்ணை வரைபடத்தில் குறித்துவைக்க டீட்ஸ் என்ற இளைஞன் வந்திருந்தான். அவனிடம் துளைப்பானும் ஒடுங்கிய மண்வெட்டியும், மண் நிறத்தை ஒத்துப் பார்க்கும் வண்ண அட்டைப் புத்தகமும் இருந்தன. டெல்ஃபியா அவனுக்கு பெர்சிமன் பழக் களி கொடுத்து, அவன் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தாள்.

"என்ன எழுதிருக்க எங்க மண்ணப் பத்தி?"

"ஆத்து வண்டல். நுண்மணல். வடிகால் ஓரளவு மோசம்."

"ஓரளவா? இங்க ஒரு பனிக்காலம் குடியிருந்து பாரு தம்பி. அந்த 'ஓரளவ' நீயே அடிச்சிருவ."

அவன் சிரித்தான். கல்லுக்கு அடியில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று அவள் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டான். மறுநாள் காலை வருவதாகச் சொன்னான்.

ஜெல்லாவும் வந்தாள். அறுபத்தெட்டு வயதில் கைத்தடியை ஊன்றி, வயல் முழுவதும் சேற்று இறால்கள் வளை தோண்டி எழுப்பியிருந்த மண்கூண்டுகளை மிதித்து உடைத்தபடி வந்தாள். "தூங்கற பிள்ளைய எதுக்குடி குத்திப் பாக்கற? வர்றவன் எடுத்துட்டுப் போறான், விடேன்."

"அவனுங்க கைல விடறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்னத்தப் பண்ணப்போற?"

"நீ வாய மூடிட்டு அந்த வாளி மேல உக்காரு."

டீட்ஸ் கல்லை மெதுவாக ஆட்டிப் பெயர்த்து ஒரு பக்கம் சாய்த்தான். கல் ஒரு பலகையின் மேல் நின்றிருந்தது. பழைய கோழிக்கூண்டின் கதவு. நீல வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை எடுத்துவிட்டு நேர் விளிம்பாகத் தோண்டினான். எட்டு அங்குலம் பழுப்பு வண்டல். மறுபடி ஒரு பலகை.

டெல்ஃபியா குனிந்து பார்த்தாள். "அட, இது என் மாவுப்பலகை!" விளிம்பில் அவள் கத்தியால் போட்ட மூன்று கோடுகள் இருந்தன. "முப்பத்தேழாம் வருஷ வெள்ளத்துல தொலஞ்சது. நீ எடுத்துட்டேன்னு உன்னோட ஒரு வருஷம் பேசல, ஜெல்லா."

"ரெண்டு வருஷம்" என்றாள் ஜெல்லா.

"எதுக்குங்க பலகை?" என்றான் டீட்ஸ்.

"கல்லு புதையும். வெள்ளத்துக்கு வெள்ளம் அவருதான் தூக்கி நிறுத்துவாரு. உள்ள எறங்காம இருக்க அடில பலகை போடுவாரு போல. பழச எடுக்க மாட்டாரு. எங்க ஊரு வழக்கம் அது."

பத்து அங்குலத்துக்குக் கீழே வண்டியின் பின்கதவுப் பலகை. அதன் கீழே மண்ணில் சாம்பல் நிறம் கலந்திருந்தது, நடுநடுவே துருப் புள்ளிகள். தண்ணீர் ஏறி நின்று இறங்கும் எல்லை இதுதான் என்றான் டீட்ஸ். இன்னும் ஓர் அடி இறங்கியதும் மண்வெட்டி மறுபடி மரத்தில் பட்டது. இந்த முறை அவன் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் தள்ளினான். ஈரத்தில் கிடந்ததால் மேலே இருந்தவற்றைவிட அந்த மரம் கெடாமல் இருந்தது. அதில் ஒரு சின்னப் பறவை செதுக்கியிருந்தது.

டெல்ஃபியாவின் கை தானாக வாயைப் பொத்தியது. ஐவாவின் தொட்டிலின் கால்பக்கப் பலகை. காய்ச்சலிலிருந்து எழுந்தபோது தொட்டில் வீட்டில் இல்லை. அவள் அதை மட்டும் கேட்கவேயில்லை.

"இதான்" என்றாள். "இதான் பெட்டி. இத வெச்சுத்தான் செஞ்சிருக்காரு. மெதுவா, தம்பி. மெதுவா."

டீட்ஸ் பலகையின் நான்கு ஓரத்தையும் விரலால் விடுவித்தான். தூக்கினான். கீழே பெட்டி இல்லை. வழவழப்பான மண் இருந்தது. அவன் துளைப்பானை வைத்துத் திருகினான், ஓர் அடி. எடுத்துப் பார்த்தான். தள்ளி வைத்து மறுபடி, இரண்டடி. மறுபடி. குழியின் பக்கச் சுவரைக் கத்தியால் சீவினான். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா?"

"அம்மா..." அவன் எழுந்திருக்கவில்லை. "இங்க பாருங்க. கோடு கோடா இருக்குல்ல? ஒவ்வொன்னும் ஒரு வெள்ளம். மேல வெளுப்பு, கீழ கருப்பு, அப்புறம் வெளுப்பு. ஒண்ணுகூட உடையல."

"அதுக்கு?"

"குழி வெட்டி மூடினா மண்ணு கலங்கிடும். சாம்பலும் துருவும் கட்டி கட்டியாக் கலந்து கெடக்கும். நூறு வருஷம் ஆனாலும் இந்த அடுக்கு திரும்ப வராது." அவன் தொப்பியைக் கழற்றினான். "பலகைக்குக் கீழ இந்த எடத்த யாரும் எப்பவும் தோண்டினதில்லம்மா."

டெல்ஃபியா அந்தக் கோடுகளைப் பார்த்தாள். ஒரு புத்தகத்தை விளிம்புப் பக்கமாகப் பார்ப்பதுபோல் இருந்தது. பார்த்தது புரிந்தது, அதற்கு மேல் மனம் நகர மறுத்தது. நாற்பத்தொன்பது வருடம். ஒரு நாளைக்கு மூன்று முறை பாத்திரம் கழுவியிருக்கிறாள்.

"தப்பாப் பாக்கற. பக்கத்துல பாரு."

அவன் நான்கு பக்கமும் துளைத்துப் பார்த்தான். எல்லாப் பக்கமும் அதே கோடுகள்.

"அப்போ எங்க?" என்றாள். "எம்பிள்ள எங்க?"

ஓடையில் ஒரு மீன் துள்ளியது. டெல்ஃபியாவின் கண் மாவுப்பலகைக்குப் போனது, அங்கிருந்து தொட்டில் பலகைக்கு. ஒன்றன் மேல் ஒன்றாக இத்தனையையும் தூக்கித் தூக்கி வைத்த மனிதரை நினைத்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையிலும் காப்பி டப்பாக்களோடு குன்றேறிப் போகும் முதுகு கண்முன் வந்தது.

இரண்டு டப்பா. மூன்றடி.

அவள் மெல்லத் திரும்பினாள். ஜெல்லா வாளியின் மேல், தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஜெல்லா."

"ம்."

"உனக்குத் தெரியும்."

ஜெல்லா கைத்தடியால் ஒரு மண்கூண்டைத் தட்டி உடைத்தாள். "படகு ஓட்டினதே நாந்தான்."

டீட்ஸ் எழுந்து வண்டிப் பக்கம் போய்விட்டான்.

"ரெண்டு எடத்துல தோண்டினான் டெல்ஃபி" என்றாள் ஜெல்லா. "அந்த மேட்டுல ஒண்ணு, கொட்டாய் பின்னாடி ஒண்ணு. ரெண்டுலயும் முழங்கால் தண்ணி. பெட்டியக் கீழ வெச்சா மெதக்குது. அவன் குழிக்குள்ளயே உக்காந்து அழுதான். எங்கண்ணன் அழுது நான் பாத்தது அந்த ஒரு நாளுதான். அப்புறம் எந்திரிச்சு, படக எடுடி, அம்மாகிட்டக் கொண்டுபோயிரலாம்னான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பொழைப்பேன்னு யாருக்குத் தெரியும்? கண்ணு தொறந்தா ஜன்னலப் பாப்பேன்னு கல்ல நட்டான். நீ எந்திரிச்சு நடந்ததே அந்தக் கல்லு வரைக்கும் போகத்தான். அதுக்கப்புறம் எந்த வாயால சொல்லுவான்? அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னே போயிருச்சு. பைபிள் மேல என் கைய வெக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிட்டான்."

"அவரு செத்து ஏழு வருஷம் ஆச்சுடி!"

"நீ கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

"கேக்கறதுக்கு எனக்கு எப்படிடி தெரியும்?"

டெல்ஃபியா கையை ஓங்கினாள். அறுபத்தெட்டு வயதுக் கிழவியை எழுபத்தொரு வயதுக் கிழவி அடிக்கப்போகிறாள் என்பது இருவருக்குமே ஒரே நேரத்தில் உறைத்தது. கை அப்படியே நின்றது. டெல்ஃபியா அந்தக் கையால் தொட்டில் பலகையை எடுத்து, மண்ணைத் தன் மேலாடையிலேயே துடைத்தாள்.

டீட்ஸின் ஜீப்பில் மூவரும் எப்ரோனுக்குப் போனார்கள். மாமியார் கல்லுக்கும் ஹார்லன் கல்லுக்கும் நடுவே வெறும் புல். டீட்ஸ் தயங்கினான். "குத்து" என்றாள் டெல்ஃபியா. மெல்லிய கம்பி போன்ற துளைப்பானை அவன் ஒன்றரை அடி மட்டுமே இறக்கினான். மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்த மஞ்சள் கட்டிகள் வந்தன. அரை அடி தள்ளி இன்னொரு முறை இறக்கினான். அங்கே மண் ஒரே சீராக இருந்தது.

"வெட்டின மண்ணுதாம்மா. சின்னக் குழி." பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டான். "இங்க சாம்பல் நெறமே இல்ல. இந்த மண்ணுல தண்ணி நிக்காது."

அவள் அந்தக் கட்டியை உள்ளங்கையில் வாங்கி நசுக்கினாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

காய்ந்திருந்தது என்று அவர் சொன்னார். நாற்பத்திரண்டு ஜனவரிகளில் நாற்பத்திரண்டு முறை சொன்னார். அவர் தனக்குச் சொன்னவற்றில் அது ஒன்றுதான் பொய் என்று அவள் எண்ணியிருந்தாள்.

"அக்டோபர்ல பாத்துட்டுப் பேசாத தம்பி" என்றாள் கடைசியில். "அக்டோபர்ல எல்லா மண்ணும் யோக்கியந்தான். ஜனவரில பாக்கணும்."

நவம்பரில் இயந்திரத்தோடு வந்தவன் படிவத்தை எடுத்து, ஸ்ட்ரவுட் நிலத்தில் மாற்ற வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டான். "ஆள் யாரும் இல்ல. கல்லு ஒண்ணு, பலகை நாலு" என்றாள் டெல்ஃபியா. பலகைக்குப் படிவத்தில் இடம் இல்லை என்றான். அவள் அவற்றைத் தானே தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டாள். ஜெல்லாவோடு இன்னும் பேச்சு இல்லை.

ஜனவரியில், நான்கு நாள் மழை பெய்து நின்ற காலையில், ஜெல்லாவின் வீட்டுத் தொலைபேசி அடித்தது. "வண்டிய எடு" என்றாள் டெல்ஃபியா. உடனே வைத்துவிட்டாள்.

குன்றின் மேலிருந்து பார்த்தபோது பள்ளத்தில் வீடு இல்லை, சிக்கமோர் மரமும் இல்லை. ஒரே பழுப்புத் தண்ணீர். டெல்ஃபியா அந்தப் பக்கம் நின்று பார்க்கவில்லை. நேராக அந்த மூன்றடி இடத்துக்குப் போனாள். இடமாற்றிய சாம்பல் கல் அங்கே நடப்பட்டிருந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வலது காலணியைக் கழற்றினாள், காலுறையையும் உருவினாள்.

"பைத்தியக்காரி! இந்தக் குளிர்ல காய்ச்சல் வரும்டீ, செருப்பப் போடு!" என்று கத்தினாள் ஜெல்லா. மூன்று மாதத்தில் அவள் டெல்ஃபியாவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

டெல்ஃபியா குதிகாலை மண்ணில் வைத்து, உடம்பின் எடை முழுவதையும் அதன் மேல் கொடுத்துத் திருகினாள். பிறகு காலை எடுத்துவிட்டுக் குழியைப் பார்த்தாள். மினுங்குமா என்று காத்திருந்தாள். ஜெல்லாவும் கைத்தடியை ஊன்றிப் பக்கத்தில் வந்து குனிந்தாள். இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வரவில்லை.